அரசு எழுத்தர் மரி லூயீஸ் பொத்தினோ

வரலாறு என்று நாம் படித்ததெல்லாம் மன்னர்கள், ஆளுநர்கள், தளபதிகள் கதைதான். அரசு எழுத்தர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காலையில் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, கோப்பைப் பிரித்து, குறிப்பு எழுதி மேலே அனுப்பிவிட்டு, மாலையில் வீடு திரும்பியவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வியில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அதனால்தான் இன்று ஓர் எழுத்தரைப் பற்றி எழுதுகிறேன். நம் ஊர்க்காரர் அல்ல. அமெரிக்கப் பூர்வகுடியான சிப்பேவா குலத்தில் பிறந்து, தலைநகர் வாஷிங்டனில் 28 ஆண்டுகள் அரசுப் பணி பார்த்த ஒரு பெண்மணி. பெயர் மரி லூயீஸ் பொத்தினோ பால்ட்வின்.

பெயரைப் பார்த்ததுமே பிரெஞ்சு படித்த நண்பர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆம், அது பிரெஞ்சுப் பெயர்தான். அமெரிக்காவில் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் அந்தப் பெயரில் ஒரு மாவட்டமும் ஓர் ஊரும் இருக்கின்றன. அங்குள்ளவர்கள் 'பாட்னோ' என்கிறார்கள். நாம் பள்ளியில் படித்த உச்சரிப்புப்படி பொத்தினோ என்றே வைத்துக்கொள்வோம். சிப்பேவா பெண்ணுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பாரிஸ் உடன்படிக்கை

1763 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். 1761-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரி, அந்த உடன்படிக்கையின்படிதான் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. கனடா ஆங்கிலேயரிடம் போனதும் அதே உடன்படிக்கையில்தான். 1608-இல் ஷாம்ப்ளேன் கெபெக் நகரை நிறுவியதையும், 1759-இல் மோன்கால்ம் அங்கே தோற்று உயிர்விட்டதையும் எங்கள் வாத்தியார்கள் கதைபோலச் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் என்ன ஆனார்கள் என்பது பாடப் புத்தகத்தில் இல்லை.

அவர்கள் எங்கும் போய்விடவில்லை. பெரிய ஏரிகளைச் சுற்றிய காடுகளில் கொறித்துண்ணி இனத்தைச் சேர்ந்த பீவரின் தோலை வாங்கி விற்கும் வியாபாரம் பெரிதாக நடந்துகொண்டிருந்தது. தோல் வாங்கப் படகில் போன பிரெஞ்சு இளைஞர்கள் அங்கேயே தங்கி, அந்தந்தக் குலத்துப் பெண்களை நாட்டு வழக்கப்படி மணந்துகொண்டார்கள். பாதிரியார் கிடையாது, பதிவேடு கிடையாது. பெண் வீட்டார் சம்மதம்தான் திருமணம். இப்படிப் பிறந்தவர்களை பிரெஞ்சில் 'மெத்திஸ்' என்பார்கள், அதாவது கலந்து பிறந்தவர்கள்.

அந்தக் காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் வாழ்ந்த பெரிய குலங்களில் ஒன்று ஒஜிப்வே. அந்தச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் சிப்பேவா என்று திரித்தார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் அனிஷினாபே. ஏரியில் தானாக விளையும் ஒருவகைக் காட்டு அரிசியைப் படகில் சென்று தட்டி எடுப்பார்கள். வசந்தம் தொடங்கும்போது மேப்பிள் மரத்தில் பால் வடித்துக் காய்ச்சிச் சர்க்கரை எடுப்பார்கள். அரிசி அறுவடையும் சர்க்கரைக் காய்ச்சலும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருந்தன. அவர்களில் மேற்கே சென்ற பிரிவினர், மெத்திஸ் உறவினர்களோடு சேர்ந்து, சமவெளியில் காட்டெருமை வேட்டையாடினார்கள். ஆமை மலை என்று பொருள்படும் டர்ட்டில் மவுன்டன் பகுதியில் வாழும் இம்மக்களிடம் மிச்சிஃப் என்றொரு மொழி உண்டு. பெயர்ச்சொல் பெரும்பாலும் பிரெஞ்சிலிருந்தும் வினைச்சொல் கிரீ என்னும் பூர்வகுடி மொழியிலிருந்தும் வந்தவை. இரண்டு மொழியைக் கலந்து பேசுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு மொழியின் வினையையும் இன்னொன்றின் பெயரையும் இவ்வளவு ஒழுங்காகப் பிரித்துக்கொண்ட மொழி உலகில் அபூர்வம் என்கிறார்கள் மொழியியலார்.

தாத்தாவும் அப்பாவும்

மரி லூயீசின் தாத்தா பியேர் பொத்தினோ. தந்தை பிரெஞ்சு கனடியர், தாய் பூர்வகுடிப் பெண். பிரெஞ்சு, ஆங்கிலம், சிப்பேவா, சூ, கிரீ எனப் பல மொழி பேசுவார். வழிகாட்டியாகவும் துபாஷியாகவும் பெயர் பெற்றவர். மின்னசோட்டாவிலும் டக்கோட்டாவிலும் வெள்ளையர் குடியேற வழி காட்டியவர் அவர். அந்த மாவட்டமும் ஊரும் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் நடுவில் நின்றவர் என்பதால், அவருடைய சொல் இரண்டு பக்கமும் செல்லுபடியானது.

1863 அக்டோபரில் அமெரிக்க அரசு சிப்பேவா மக்களின் பெம்பினா, ரெட் லேக் பிரிவினரிடமிருந்து ரெட் ரிவர் பள்ளத்தாக்கை ஓர் ஒப்பந்தம் மூலம் வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று பெம்பினாவில் மரி லூயீஸ் பிறந்தார். தந்தை ழான் பத்தீஸ்த் பொத்தினோ. தாய் மரி ரென்வில். அவரும் கலப்புக் குடும்பத்தில் வந்தவரே. குடும்பம் பின்னர் மினியாபொலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண் குழந்தைக்கு நல்ல படிப்பு கிடைத்தது. அங்கும், செயின்ட் பால் நகரிலும், சிறிது காலம் கனடாவின் வினிபெக்கிலும் படித்தார். வெள்ளையர் ஒருவரை மணந்து பால்ட்வின் என்ற பெயரைப் பெற்றார். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. பெயர் மட்டும் கடைசிவரை தங்கியது.

தந்தை வக்கீல். மகள் அவருடைய அலுவலகத்திலேயே எழுத்தராகச் சேர்ந்தார். வாழ்நாள் தொழில் அங்கேதான் தொடங்கியது.

பத்து சென்ட் ஒப்பந்தம்

டர்ட்டில் மவுன்டன் சிப்பேவா மக்களின் நிலைமை அப்போது மோசமாகிக்கொண்டிருந்தது. 1880-களின் தொடக்கத்தில் காட்டெருமை அழிந்துபோனது. 1882-இல் குடியரசுத் தலைவர் ஆணை மூலம் அவர்களுக்கென்று சுமார் 22 டவுன்ஷிப் நிலம் ஒதுக்கினார்கள். ஒரு டவுன்ஷிப் என்பது 36 சதுர மைல். இரண்டே ஆண்டில் இன்னோர் ஆணை வந்தது. 22 என்பது 2 ஆகிவிட்டது. 72 சதுர மைல். நம் காரைக்கால் பகுதியைவிடச் சற்றே பெரிய இடம், அவ்வளவுதான். 1887-88 குளிர்காலத்தில் அங்கே பட்டினிச் சாவுகள் நேர்ந்தன.

இந்த நிலையில் 1892-இல் மெக்கம்பர் என்பவர் தலைமையில் ஒரு குழுவை அரசு அனுப்பியது. மக்களின் பரம்பரைத் தலைவர் லிட்டில் ஷெல், அவருடைய வக்கீல் ழான் பத்தீஸ்த் பொத்தினோ. அரசு அதிகாரிகள் இவர்களோடு பேசுவதற்குப் பதிலாக 32 பேர் கொண்ட கமிட்டி ஒன்றை ஏற்படுத்தி அதனோடு பேசினார்கள். கூடவே மக்கள் பட்டியலைத் 'திருத்தினார்கள்'. இவர் அமெரிக்கச் சிப்பேவா அல்ல, கனடாவிலிருந்து வந்தவர், இவர் மெத்திஸ் என்றெல்லாம் சொல்லி நூற்றுக்கணக்கானோர் பெயரை நீக்கினார்கள். லிட்டில் ஷெல் தம் ஆட்களோடு வெளியேறினார். மீதி இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: சுமார் 1 கோடி ஏக்கர் நிலத்துக்கு 10 லட்சம் டாலர். ஏக்கருக்குப் பத்து சென்ட். தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். இன்றுவரை அம்மக்கள் இதைப் பத்து சென்ட் ஒப்பந்தம் என்றே சொல்கிறார்கள்.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரேஷன் அட்டையில் பெயர் விட்டுப்போனவரிடம் கேட்டாலே போதும். ஆள் எதிரே நிற்பார், காகிதத்தில் இருக்கமாட்டார். அங்கே விட்டுப்போனது சர்க்கரையும் மண்ணெண்ணெயும் அல்ல. பிறந்த மண்ணில் இருக்கும் உரிமை.

தந்தையும் மகளும் 1890-களின் தொடக்கத்திலேயே வாஷிங்டனுக்கு வந்துவிட்டார்கள். காங்கிரஸ் என்னும் அவர்கள் நாடாளுமன்றத்திலும், அமைச்சகத்திலும், இந்தியர் விவகார அலுவலகத்திலும் மனு மேல் மனு கொடுத்தார்கள். (இந்தியர் என்றால் நாம் அல்ல. கொலம்பஸ் வழி தவறி வந்து வைத்த பெயர். அரசாங்கப் பெயர்ப்பலகையிலும் ஏறிவிட்டது.) 1863 ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, 1882 ஆணையில் என்ன, 1884 ஆணையில் என்ன, யார் பெயர் எப்போது நீக்கப்பட்டது என்று எல்லாவற்றையும் தேதியோடு அடுக்கி மனுக்கள் தயாராயின. அந்த அலுவலகத்தின் எழுத்தர் மரி லூயீஸ்தான்.

எதிர்த்தரப்பின் நாற்காலியில்

1904-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் கிடப்பில் கிடந்த மெக்கம்பர் ஒப்பந்தத்தைக் காங்கிரஸ் திருத்தங்களோடு உறுதி செய்தது. அதே ஆண்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், மரி லூயீசை இந்தியர் விவகார அலுவலகத்தில் எழுத்தராக நியமித்தார். எந்த அலுவலகத்துக்கு எதிராக மனு எழுதினாரோ, அதே அலுவலகத்தில் வேலை.

வேலை கல்விப் பிரிவில், கணக்குகளைச் சரிபார்ப்பது. பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசு நடத்திய பள்ளிகளுக்கு வாங்கும் பொருள்களின் பில்களைப் பார்த்துத் தீர்ப்பது. கேட்க ஒன்றுமில்லாத வேலைபோல் தோன்றும். ஆனால் அந்தப் பள்ளிகள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால் மனம் கனக்கும். 1879-இல் கார்லைலில் தொடங்கிய முதல் பெரிய பள்ளியின் வழியில் நாடெங்கும் விடுதிப் பள்ளிகள் எழுந்தன. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வெகுதூரம் கொண்டுபோவார்கள். வந்ததும் முதல் காரியமாகத் தலைமுடியைக் கத்தரித்துவிடுவார்கள். சொந்த மொழியில் பேசினால் தண்டனை. பூர்வகுடிகள் பலருக்குத் தலைமுடியை வெட்டுவது துக்கத்தின் அடையாளம். வீட்டில் சாவு விழுந்தாற்போல அந்தச் சிறுவர்கள் அழுதார்கள் என்று பலர் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள்.

1902-இல் இந்தியர் விவகார ஆணையர் பெரியவர்களையும் விடவில்லை. பூர்வகுடி ஆண்கள் நீண்ட முடி வைக்கக்கூடாது, அரசு வேலையிலோ அரசு உதவியிலோ இருப்பவர்கள் முடியைக் கத்தரிக்கவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, ஆணையரும் கொஞ்சம் இறங்கிவந்தார். ஆனாலும் அந்த அலுவலகத்தின் மனம் எப்படிப்பட்டது என்பதை அந்தச் சுற்றறிக்கை காட்டிக்கொடுத்துவிட்டது.

இப்படிப்பட்ட அலுவலகத்தில் மரி லூயீஸ் தொடக்கத்தில் அமைதியாகத்தான் இருந்தார். பூர்வகுடிகள் நவீன வாழ்க்கைக்கு மாறுவதே நல்லது என்ற எண்ணம் அந்தக் காலத்துப் படித்தவர்கள் பலருக்கும் இருந்தது. அவரும் அதற்கு விலக்கல்ல. மாற்றம் 1911-ஐ ஒட்டி வந்தது.

பணிக்கோப்புப் புகைப்படம்

அந்த ஆண்டு அவருடைய பணிக்கோப்புக்கு ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. நாம் எல்லோரும் சர்வீஸ் புக்குக்குப் படம் எடுத்துக்கொண்டவர்கள்தானே. இருப்பதில் நல்ல சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, பக்கத்து ஸ்டூடியோ. வாஷிங்டனில் அலுவலகம் போகும் பெண்கள் உயர்ந்த கழுத்துப்பட்டை வைத்த சட்டை, மேலே தூக்கிக் கட்டிய கொண்டை என்று படம் எடுத்துக்கொள்வார்கள். மரி லூயீஸ் தம் குலத்து உடையில், முடியை இரட்டைப் பின்னலாகப் பின்னி முன்னால் விட்டுக்கொண்டு கேமரா முன் அமர்ந்தார். அந்தப் படம் அரசுக் கோப்பில் ஏறியது. இன்றும் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

பலமுறை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கையாலேயே பதில் சொல்ல எழுத்தருக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் தன் கோப்பில் எந்தப் படம் இருக்கவேண்டும் என்பது தன் கையில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளின் பின்னலை வெட்டிய பள்ளிகளின் பில்களைச் சரிபார்த்தவர், தம் பின்னலை அரசாங்கப் பதிவில் வைத்துவிட்டார். அரசு வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதன் துணிச்சல் முழுதாகப் புரியும்.

அதே 1911 அக்டோபரில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் படித்த பூர்வகுடிகள் ஒன்றுகூடி அமெரிக்க இந்தியர் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். டாக்டர்கள், வக்கீல்கள், பாதிரியார்கள், அரசு ஊழியர்கள் எனப் பல குலத்தவர் வந்தார்கள். வெள்ளையர் நடத்தாமல் பூர்வகுடிகளே நடத்திய முதல் தேசிய அமைப்பு அது. மரி லூயீஸ் அங்கே நவீன இல்லறமும் பூர்வகுடிப் பெண்ணும் என்ற பொருளில் கட்டுரை வாசித்தார். பூர்வகுடிப் பெண் கணவனுக்குப் பின்னால் சுமை தூக்கிக்கொண்டு நடப்பவள் என்று வெள்ளையர் எழுதிவந்ததை அவர் மறுத்தார். எங்கள் குலத்தில் பெண்ணின் உடைமை பெண்ணுடையது, அவள் ஆலோசனைக்கு மதிப்பு உண்டு, வீட்டின் நடுத்தூண் அவள் என்பதே அவர் வாதம். பின்னர் இச்சங்கத்தின் பொருளாளராகவும் இருந்தார்.

அந்த ஆண்டு முடிவில் தந்தை காலமானார். சுமார் இருபது ஆண்டுகள் தலைநகரில் இருவரும் சேர்ந்து நடத்திய வழக்கு. இனி அவர் மட்டும்.

இரவுக் கல்லூரி

அடுத்த ஆண்டு, 1912-இல், வாஷிங்டன் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். எல்லன் மஸ்ஸி, எம்மா ஜில்லெட் என்ற இரண்டு பெண் வக்கீல்கள் 1898-இல் நிறுவிய கல்லூரி அது. மற்றக் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்காததால் தாங்களே ஒன்று தொடங்கிவிட்டார்கள். பகலில் அலுவலகம், இரவில் வகுப்பு. மரி லூயீசுக்கு அப்போது வயது 48 முடிந்திருந்தது. நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கும் வயது. மூன்றாண்டுப் படிப்பை இரண்டே ஆண்டில் முடித்து 1914-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பூர்வகுடிப் பெண் அவர்.

படித்துக்கொண்டிருக்கும்போதே 1913 மார்ச் 3 வந்தது. வில்சன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தலைநகரின் முக்கிய வீதியில் ஊர்வலம் போனார்கள். பூர்வகுடிப் பெண்களுக்கென்று ஓர் அலங்கார வண்டி அமைத்துத் தரும்படி மரி லூயீசைக் கேட்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கு அது கண்ணுக்கு விருந்தாக இருந்திருக்கும். அவர் வண்டியில் ஏறவில்லை. பெண் வக்கீல்கள், சட்ட மாணவிகளின் வரிசையில் நடந்து போனார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அலுவலகக் கோப்பில் குல உடையோடு இருந்தவர், இன்று ஊர்வலத்தில் குல வண்டியை வேண்டாம் என்கிறாரே, இது முரண் அல்லவா என்று கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலுவலகம் அவருடைய குலத்தை மறக்கச் சொன்னது, அங்கே அதைக் காட்டினார். ஊர்வலம் அவரைக் காட்சிப் பொருளாக்கப் பார்த்தது, அங்கே தம் படிப்பைக் காட்டினார். அன்று அந்தப் பெண்களைக் கூட்டம் நெருக்கித் தள்ளியது, வசைபாடியது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. பின்னர் காங்கிரசில் விசாரணையே நடந்தது.

1914 டிசம்பரில் சங்கத்தின் தூதுக்குழு வெள்ளை மாளிகையில் வில்சனைச் சந்தித்து மனுக் கொடுத்தது. பூர்வகுடிகளின் குடியுரிமையைச் சட்டப்படி தெளிவாக்கவேண்டும், தங்கள் வழக்குகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழி திறக்கவேண்டும் என்பவை கோரிக்கைகள். அந்தக் குழுவில் மரி லூயீசும் இருந்தார். அதே காலத்தில் பத்திரிகைப் பேட்டி ஒன்றில், வெள்ளைக்காரனைப் பற்றிப் பூர்வகுடிக்குக் கற்பித்துக்கொண்டே இருப்பதைவிட, பூர்வகுடியைப் பற்றி வெள்ளைக்காரனுக்குக் கற்பிப்பதே இப்போது அவசரத் தேவை என்ற பொருளில் பேசினார். கல்விப் பிரிவு எழுத்தர் வாயிலிருந்து இந்தச் சொல்!

யாருக்கு விசுவாசம்?

சங்கத்துக்குள்ளேயே ஒரு சண்டை முளைத்தது. டாக்டர் கார்லோஸ் மொன்டெசூமா என்ற பூர்வகுடி மருத்துவர், இந்தியர் விவகார அலுவலகத்தையே கலைத்துவிடவேண்டும் என்று சொல்லிவந்தவர். 1916-இல் வசாஜா என்று சொந்தப் பத்திரிகையே தொடங்கினார். அந்த அலுவலகத்தில் சம்பளம் வாங்குபவர்கள் தங்கள் இனத்துக்கு எப்படி விசுவாசமாக இருக்கமுடியும் என்று அவர் கேட்டார். மரி லூயீஸ் போன்றவர்களைக் குத்தும் கேள்வி அது. மெல்ல மெல்ல அவர் சங்கத்திலிருந்து ஒதுங்கினார்.

மொன்டெசூமாவின் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மரி லூயீஸ் அந்த அலுவலகத்தில் இருந்த ஆண்டுகளில் விடுதிப் பள்ளிகள் மூடப்பட்டுவிடவில்லை. பறிபோன நிலம் திரும்பவில்லை. மாதாமாதம் அவர் கணக்குகளைத் தீர்த்தார், சம்பளம் வாங்கினார். வெளியே நின்று சத்தமாகக் கேட்பவர்கள் இல்லாமல் எந்த அநியாயமும் அசைவதில்லை என்பதும் உண்மைதான்.

ஆனால் உள்ளே இருந்து பார்த்தவனுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு கோப்பு யார் கையில் இருக்கிறது என்பது சிறிய விஷயமல்ல. எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் கையில் அது இருந்தால் ஒரு விதம், தெரியாதவர் கையில் இருந்தால் வேறு விதம். 'அந்த மக்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று பேசும் அறையில், அந்த மக்களில் ஒருத்தி சட்டப் பட்டத்தோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதே பலரின் வாயை அடக்கியிருக்கும். மொன்டெசூமாவும் வேண்டும், மரி லூயீசும் வேண்டும் என்பதே என் முடிவு. ஒருவரையொருவர் நம்பமுடியாமல் போனதுதான் துயரம்.

1920-இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1924-இல் பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது. இரண்டுக்கும் உழைத்தவர் மரி லூயீஸ். ஆனால் வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராத தலைநகர்ப் பகுதி. அங்கே வசிப்பவர்களுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை 1961-இல் செய்த அரசியல் சட்டத் திருத்தத்தால்தான் வந்தது. வாக்குரிமைக்காக நடந்த வீதியில், அங்கே வாழ்ந்தவரை, அவர் அந்த வாக்கைப் போடமுடியவில்லை.

1932-இல் ஓய்வு பெற்றார். பூர்வகுடிகளின் கைவினைப் பொருள்களை அன்போடு சேர்த்து வைத்திருந்தார். 1949-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, 1952 மே மாதத்தில், 88-ஆம் வயதில் காலமானார்.

பிறகு வந்த தீர்ப்பு

அவர் மறைந்தபோது வழக்கு முடிந்திருக்கவில்லை. 1946-இல் அமெரிக்க அரசு பூர்வகுடிகளின் நில வழக்குகளைக் கேட்க ஓர் ஆணையம் அமைத்தது. டர்ட்டில் மவுன்டன் மக்களும் அவர்களின் உறவுப் பிரிவினரும் அங்கே போனார்கள். பத்து சென்ட் விலை மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று முடிவாகி, 1980 வாக்கில் 5 கோடி டாலருக்கு மேல் ஈடு வழங்கத் தீர்ப்பாயிற்று. நிலம் நிலமாகத் திரும்பவில்லை, பணமாகத்தான் வந்தது. 1892-இல் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

பட்டியலில் பெயர் நீக்கப்பட்டவர்கள், லிட்டில் ஷெல்லோடு வெளியேறியவர்கள் கதை இன்னும் நீண்டது. அவர்களில் பலர் மேற்கே மொன்டானாவுக்குப் போய், ஊர்களின் ஓரத்தில் குப்பைமேட்டை ஒட்டிக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். நிலமற்ற இந்தியர்கள் என்றே பெயராகிவிட்டது. தங்களை ஒரு குலமாக அரசு ஏற்கவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக மனுப் போட்டார்கள். 2019 டிசம்பரில்தான் லிட்டில் ஷெல் சிப்பேவா குலத்தை அமெரிக்க அரசு சட்டம் இயற்றி ஏற்றுக்கொண்டது. பெயரை நீக்கிய 1892-லிருந்து எண்ணினால் 127 ஆண்டுகள்.

மனு கொடுத்தால் என்ன நடக்கும் என்று அலுத்துக்கொள்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. பல மனுக்களுக்குப் பதில் வராது என்பது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த எனக்கும் தெரியும். ஆனாலும் தேதி போட்டு, விவரம் எழுதி, நகல் எடுத்து, யாராவது ஒருவர் அதைக் காகிதத்தில் ஏற்றி வைக்கவேண்டியிருக்கிறது. ஏற்றி வைக்காத அநியாயத்துக்கு நூறு ஆண்டு கழித்துக்கூடத் தீர்ப்பு கிடையாது. அந்த வேலையைத் தந்தையின் அலுவலகத்தில் இளம்பெண்ணாகத் தொடங்கி, தம் மக்களுக்காகச் செய்தவர் மரி லூயீஸ். பதவிப் பெயர்: எழுத்தர்.